பட்டறைக்காரரின் கையெழுத்து

பட்டறைக்காரர் கையெழுத்துப் போடுவதை ஒரு காலத்தில் ஆள் நின்று பார்க்கும். பொய்யில்லை. லேத்தில் இரும்புச் சீவல் சுருண்டு வருமே, அப்படி முதல் எழுத்தைச் சுழற்றுவார். பெரிய படிப்புப் படித்த மேனேஜருக்கும் அந்தச் சுழி வாய்க்காது. பட்டறைக்காரருடைய அப்பா கைநாட்டு, அப்பாவுக்கு அப்பாவும் கைநாட்டு. இவர் பள்ளிக்கூடம் போனதே இரண்டு வகுப்புதான். கூலிக்கு நின்ற காலத்தில், சாப்பாட்டு வேளையில், எண்ணெய்க் கையோடு தகரத் துண்டில் சாக்கட்டியால் எழுதி எழுதித் தன் பேரைப் பிடித்தார். பிறகு செய்தித்தாள், பிறகு சொந்தப் பட்டறை. ஒருத்தரும் கைதூக்கி விடவில்லை. அதெல்லாம் ஒரு காலம்!

அப்பேர்ப்பட்டவருக்கு, போன வருஷம் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது. கைகால் தப்பியது. பேச்சும் எழுத்தும் குழம்பிவிட்டன. அதற்கு அஃபேசியா என்று பேர் சொன்னார் டாக்டர். செய்தித்தாளைப் பிரித்தால் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் "ஸ்பேனர்" என்று வந்தது. வீட்டுக்காரி ஸ்பேனரையே கொண்டுவந்து நீட்ட, இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

ஒன்றுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மகளுக்குப் பதிவுக் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து அப்பாதான் போடணும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். இவரும் எழுதிப் பார்த்தார். சுழி எந்தப் பக்கம் என்று யோசித்ததுமே பேனா நின்றுவிடும்.

பதிவு அலுவலகத்திலும் நின்றது. எழுத்தர் மைப்பெட்டியைத் தள்ளி வைத்தார்.

"சிரமப்படாதீங்க ஐயா. கட்டைவிரல் வெச்சாலும் செல்லும்."

பட்டறைக்காரர் முகம் செத்துப்போனது. கட்டைவிரல் மையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வெளியே வரும் தன் அப்பாவை எத்தனை தடவை பார்த்திருக்கிறார்!

"பரவால்லப்பா, வெச்சிடுங்க" என்றாள் மகள்.

வீட்டுக்காரிக்குப் பழைய பட்டறை கண்ணில் வந்தது. சரக்குக்காரன் ரசீது நீட்டுவான். லேத்துச் சத்தத்துக்கு மேலே இவர் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். கை பாட்டுக்குக் கையெழுத்துப் போடும். தாளைப் பார்த்ததே கிடையாது.

அவள் அவர் தோளை இடித்தாள். "ஏங்க, நம்ம லேத்தை உங்க தம்பிக்குச் சும்மா குடுத்துட்டேன். சாயங்காலம் வண்டி வருது."

"என்னாது!" அவர் அவள் பக்கம் திரும்பினார். "அந்தச் சோம்பேறிக்கா? அவன் அதை... சோப்பு... சோப்பாக்கிடுவான்! மானங்கெட்ட பய! உனக்கு மூளை கீளை இருக்கா?"

மற்றச் சொல் தடுமாறும். வசவு மட்டும் அவருக்குத் தடுமாறியதே இல்லை.

"போட்டுட்டாரு!" என்றாள் மகள்.

குனிந்து பார்த்தார். தான் எழுதியதைத் தன்னாலேயே படிக்க முடியவில்லை. ஈரம் காயாத அந்தச் சுழியை மட்டும் விரலை மேலே தூக்கிப் பிடித்து, தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் வீட்டுக்காரியை ஒரு முறை முறைத்தார்.

"இன்னொரு பிரதியிலயும் போடணும் ஐயா" என்றார் எழுத்தர்.

"வெல்டிங் மிஷின் யாருக்குக் குடுக்கலாம்?" என்றாள் வீட்டுக்காரி.

அவர் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஆரம்பி" என்றார்.