மாதிரிக் கட்டுரைக்கு மசியாத அஞ்சக்கா

சா டெக் ஊருக்கு எதிர்க்கரையில் இருக்கும் சுகாதார நிலையத்தில் சுயென் பிரசவ நர்ஸ். வீட்டில் நாலாவது பிள்ளை. மூத்த பிள்ளையையே ‘ரெண்டு’ என்று எண்ணத் தொடங்குகிற தெற்கத்திக் கணக்கில் அவள் ஐந்து. அதனால் ஆற்றின் இரண்டு கரைகளுக்கும் அவள் அஞ்சக்கா. சுயென் என்ற பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அவள் கையில் பிறந்த பெண்களில் சிலர் இப்போது அவளிடமே பிரசவத்துக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். வாய் கொஞ்சம் நீளம். கைக்கு மட்டும் நிதானம் தப்பாது.

இப்படிப்பட்டவளுக்குத்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வருடக் கடைசிக்குள் ஆங்கிலச் சான்றிதழ் வாங்காதவர்கள் பிரசவ அறையை விட்டு மருந்துக் கிடங்குக்குப் போக வேண்டுமாம். ஆங்கிலத்துக்கும் பனிக்குடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுப் பார்த்தார்கள். அந்தக் கரையில் எந்த வெள்ளைக்காரியும் பிள்ளை பெற வந்ததாக யாருக்கும் ஞாபகமும் இல்லை. உத்தரவு போட்டவருக்கு அந்தக் கவலையெல்லாம் எதற்கு?

கிடங்கு என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சக்கா, மாத்திரை அட்டைகளோடு பேசிக்கொண்டு சாவதற்கா இத்தனை வருடம் இடுப்பொடிய நின்றோம் என்று அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். பேசுவது, கேட்பது, படிப்பது மூன்றிலும் எப்படியோ தட்டுத் தடுமாறிக் கரையேறிவிட்டாள். எழுத்துதான் காலை வாரியது.

வகுப்பு எடுத்தவர் கியெம் சார். அஞ்சக்காவை விடப் பதினைந்து வயதாவது இளையவர். கெட்டவர் இல்லை, பாவம், தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தானும் சொல்லிக்கொடுத்தார். முதல் நாளே ஐந்து மாதிரிக் கட்டுரைகளை எல்லார் கையிலும் திணித்தார்.

“இத அப்படியே மனப்பாடம் பண்ணிருங்க. பேர மட்டும் மாத்துனாப் போதும். தேறிரலாம்.”

ஐந்தும் ஒரே மாதிரிதான் தொடங்கின. ‘இன்றைய நவீன வாழ்க்கையில் சமுதாயம் நாளுக்கு நாள் முன்னேறி வருகிறது.’ கால்பந்தைப் பற்றி எழுதினாலும் சமுதாயம் முன்னேறியது, துணி துவைக்கும் மெஷினைப் பற்றி எழுதினாலும் முன்னேறியது. ‘என் நெருங்கிய தோழி’ என்ற கட்டுரையில் ஒருத்தி வந்தாள். முட்டை வடிவ முகம், பெரிய கண்கள், இடுப்பு வரை கருங்கூந்தல், எப்போதும் புன்னகை. வகுப்பில் இருந்த நர்ஸ், வாத்தியார், தபால்காரர் அத்தனை பேருக்கும் அவள்தான் தோழி.

“சார், இப்படி ஒருத்திய எனக்குத் தெரியாதே” என்றாள் அஞ்சக்கா.

“தெரிய வேணாங்க்கா. எழுதுனாப் போதும்.”

“என் சிநேகிதி ஊத். குண்டா இருப்பா. முன்பல்லு ஒண்ணு ஒடஞ்சிருக்கும். மீன் சந்தையில அவ வாயத் தொறந்தா விலாங்குகூட சேத்துக்குள்ள போயிரும். அவள எழுதட்டுமா?”

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார்.

“பரிட்சைக்கு மனுசங்க வேணாங்க்கா. மார்க்குதான் வேணும்.”

சரி, ஊரோடு ஒத்துப்போவோம் என்று அஞ்சக்காவும் உருப்போட்டாள். படகில், பணி இடைவேளையில், சோற்றுப்பானை முன்னால் என்று எப்போதும் முட்டை முகத்துக்காரிதான். பரிட்சையில் கேள்வி கொஞ்சம் புரண்டு வந்தது. ‘நீங்கள் சண்டையிட்டு மறுபடி சேர்ந்த ஒரு நண்பரைப் பற்றி எழுதுக.’ வகுப்பு மொத்தமும் அசரவில்லை. சண்டையே போடாத முட்டை முகத்துக்காரியையே இறக்கிவிட்டார்கள். அஞ்சக்காவும் இறக்கினாள். கூந்தல் வரை வந்தவளுக்கு அதற்கு மேல் ஒரு வரிகூட வரவில்லை, மூளை துடைத்துவிட்டதுபோல் ஆனது. மற்றவர்களில் பாதிப் பேர் தேறினார்கள். இவள் தோற்றாள்.

தோற்றதுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. சந்தையில் ஊத் பிடித்துக்கொண்டாளே, அதுதான் வலித்தது.

“ஏன்டி, சண்டை போட்ட சிநேகிதி பத்திக் கேட்டாங்களாமே? என்னயத்தான எழுதுன? பன்னிக்குட்டி விவகாரத்துல ரெண்டு வருசம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்சோமே, அதத்தான?”

அஞ்சக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கையில் கதை இருந்தது. அழுத அழுகை, கொட்டிய வசவு, ஊத்தின் மகள் பிரசவத்தன்று இருவரும் ஒரே வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலம், எல்லாம் உண்மை. அதை விட்டுவிட்டு, பிறக்கவே பிறக்காத ஒருத்தியின் கூந்தலைப் பற்றி எழுதியிருக்கிறாள். வெட்கம் தாங்கவில்லை. வெட்கம் படகு ஏறும்போதே கோபமாகிவிட்டது. அன்றே அந்த ஐந்து கட்டுரைகளையும் கிழித்து அடுப்பில் போட்டாள்.

அதன் பிறகு தினமும் ஆங்கிலத்தில் எழுதினாள். சுவரில் மாட்டிய நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து அதன் பின்புறத்தில் எழுதுவாள். தாள் உள்ளங்கை அகலம்தான். சமுதாயம் முன்னேற அதில் இடம் கிடையாது. என்ன நடந்ததோ அதைத்தான் எழுத முடியும். சில நாள் ஒரு தாள் போதாமல் அடுத்த வாரத்தையும் சேர்த்துக் கிழித்துவிடுவாள். பூச்செடி வளர்க்கும் அவள் புருஷன் ஒரு நாள் குதித்தான்.

“எங்கப்பா திவசம் என்னைக்குன்னு பாக்கப் போனா அந்த நாளையே காணோம்! பின்னால எவளோ ரெட்டப்புள்ள பெத்த கதைய எழுதி வச்சிருக்க!”

“ஒங்கப்பா கோவிச்சுக்க மாட்டாரு. ரெட்டையும் பொண்ணு, ரெண்டும் சௌக்கியம்” என்றாள்.

அந்தத் தாள்களை அள்ளிக்கொண்டு போய்க் கியெம் சாரின் மேஜையில் கொட்டினாள். மேலே இருந்ததை அவர் படித்தார். ‘குழந்தை நீலமாக இருந்தது’ என்று தொடங்கியது.

“என்னக்கா, எடுத்த எடுப்புலயே பொசுக்குன்னு ஆரம்பிக்கிறீங்க? சமுதாயம் எங்க?”

“சமுதாயம் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்துச்சு சார். உள்ள விடல.”

சார் அடுத்த தாளை எடுத்தார். அஞ்சக்காவே பேசினாள். “நான் தப்பும் தவறுமாத்தான் எழுதுறேன், தெரியும். வாக்கியத்தத் திருத்துங்க, எவ்வளவு வேணா சிவப்பு மை ஊத்துங்க. ஆனா என் மனுசங்களத் தொடாதீங்க. பல்லு ஒடஞ்சவளுக்குப் பல்லு கட்டாதீங்க.”

அவர் ஒப்புக்கொண்டார். நடந்து முடிந்ததை நடக்கிறதாக எழுதுவாள், ஒன்றுக்கும் பலவற்றுக்கும் வித்தியாசம் காட்டாமல் விடுவாள். சா டெக் கரையில் நாங்கள் பேசும் மொழியில் காலத்துக்கும் எண்ணிக்கைக்கும் சொல்லை வளைக்கவேண்டிய தொல்லை இல்லையே. அவர் வட்டம் போடுவார், அவள் சண்டை பிடித்து, பிறகு ஒத்துக்கொண்டு, மறுபடி எழுதுவாள். மழைக்காலம் தொடங்குவதற்குள் சிவப்பு குறைந்தது. கடைசித் தவணைப் பரிட்சைக்குக் கான் தோ நகருக்குப் போய், ‘உங்கள் வேலை செய்யும் இடத்தைப் பற்றி வெளிநாட்டு நண்பருக்கு எழுதுக’ என்ற கேள்விக்குத் தன் பிரசவ அறையை எழுதிவிட்டு வந்தாள். கை வலித்தது, மனசு நிறைந்திருந்தது.

முடிவு வந்த அன்று எல்லார் பெயரும் இருந்தது, அவள் பெயர் மட்டும் இல்லை. விசாரணைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. கியெம் சார் போனில் பதறினார்.

“எங்கயோ பாத்து எழுதிட்டீங்கன்னு சந்தேகப்படுறாங்க. தெரியாமப் பண்ணிட்டேன்னு எழுதிக் குடுத்துருங்கக்கா. அடுத்த வருசம் மறுபடி உக்கார விடுவாங்களாம்.”

“அடுத்த வருசம் நான் கிடங்குல இருப்பேன் சார். செய்யாத திருட்டுக்கு மன்னிப்புமா கேப்பேன்? போன வைங்க.”

கான் தோவில் மின்விசிறி சத்தத்துக்கு நடுவே தேர்வுக் குழுத் தலைவர் ஒருவரும், பக்கத்தில் ஒரு பெண் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் அவள் தாளை விரலால் தட்டினார்.

“இங்க பாருங்கம்மா. இந்தக் கூடத்துல வந்த தாள் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுது. உங்களோடது மட்டும் எதோடயும் ஒத்துப்போகல. எந்தப் புத்தகத்துல எடுத்தீங்க?”

அஞ்சக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் காது வரை சூடேறியது.

“ஒரே மாதிரி எழுதுனவங்க யோக்கியம், வேற மாதிரி எழுதுனவ திருடியா சார்? எங்க நிலையத்துல பத்துக் குழந்தையும் ஒரே மூஞ்சியோட பொறந்தாத்தான் நான் சந்தேகப்படுவேன்.”

பெண் அதிகாரி குனிந்து தேநீரைக் கலக்கினார். தலைவர் முகம் இறுகியது.

“இந்த மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போட்டா விஷயம் இதோட முடிஞ்சிரும்.”

அஞ்சக்கா அந்தக் காகிதத்தை எடுத்தாள். திருப்பினாள். வெற்றுப் பக்கத்தை மேலே வைத்துப் பேனாவைத் திறந்தாள்.

“தலைப்பு சொல்லுங்க. இங்கயே, உங்க கண்ணு முன்னாலயே எழுதுறேன்.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. “மழை” என்றார் எரிச்சலோடு.

அவள் எழுதினாள். நிறுத்தி, யோசித்து, அடித்து, மறுபடி எழுதினாள். தலைவர் வாங்கிப் படித்தார். அவளுடைய ஆங்கிலத்தில் இப்படி இருந்தது:

‘மழை வந்தால் படகு நிற்கும். வலி நிற்காது. ஒருமுறை நடு ஆற்றில், இன்ஜின் பக்கத்தில் ஒரு பெண் பெற்றாள். துணி இல்லை. படகுக்காரர் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். சட்டையில் எண்ணெய் நாறியது. குழந்தைக்கு அது பற்றிக் குறை இல்லை. படகுக்காரர் மழையில் நனைந்துகொண்டு, சட்டையைத் திருப்பித் தர வேண்டாம் என்றார். என்னை நம்பாதவர்கள் ஒரு மழை நாளில் அந்தப் படகுக்கு வரட்டும். டிக்கெட் நான் எடுக்கிறேன்.’

அவர் இரண்டாம் முறை படித்தார். பெண் அதிகாரி வாங்கிப் படித்துவிட்டு, பழைய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “ஒரே கை சார். போடுங்க” என்றார் மெதுவாக. தலைவர் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, பேனாவால் காகிதத்தைக் குத்திக் காட்டினார்.

“இதுல ஆறு தப்பு இருக்கு.”

அஞ்சக்கா எழுந்து நின்று கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

“இருக்கட்டும் சார். ஆறும் என்னோடது.”