எதிரில் நின்று வரைந்த வாய்

என் நாத்தனாரை எங்கள் தெருவில் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவன் அவளுடைய தம்பி, என் கொழுந்தன். வீட்டில் எல்லாருக்கும் கடைசி என்பதால் அவன் எங்களுக்குச் சின்னவன். அவளை நான் பாப்பா என்பேன்.

பல் மருத்துவமனையில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று உதவி செய்கிற வேலை அவளுக்கு. அந்த வேலைக்கு அவள் படித்த நாளில் எங்கள் சமையலறையும் சேர்ந்து படித்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் ஒப்பிப்பதைக் கேட்பேன். வாயை நான்கு பாகமாக வைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் நடுவிலிருந்து கடைவாய் வரை ஒன்று முதல் எட்டு. இல்லாத பல்லுக்குப் பெருக்கல் குறி. அடைத்த பல்லுக்கு நீலம், அடைக்க வேண்டியதற்குச் சிவப்பு. திரும்பி முளைத்த பல்லுக்கு வளைந்த அம்பு. டாக்டர் வாய்க்குள் பார்த்துச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருப்பவள் காகிதத்தில் போட்டுக்கொண்டே போக வேண்டும்.

பழகிப் பார்க்க ஒரு வாய் வேண்டுமே. சின்னவன் மாட்டிக்கொண்டான். அவனை ஸ்டூலில் உட்கார வைத்து, எதிரில் நின்றுகொண்டு, டார்ச்சை என் கையில் கொடுத்தாள்.

"வாயை நல்லா தொறடா."

"இதுக்கு மேல தொறந்தா காது கிழிஞ்சிரும்க்கா."

"பேசாதே. நாக்கை அடக்கு."

"அதைத்தான் இந்த வீட்ல எல்லாரும் சொல்றீங்க. அண்ணி, உங்க நாத்தனார் என் வாயில மாடி வீடு கட்டப் போறா. அளவு எடுக்கறதைப் பாருங்க."

"ஏண்டி, பச்சப்புள்ளைய இப்படிப் படுத்தறே?" என்றார் என் மாமியார்.

"பச்சப்புள்ளையா? மிட்டாய் தின்னே ஒரு கடைவாய்ப் பல்லைத் தொலைச்சவன்மா இவன்."

படம் அழகாக வந்தது. ஒரு பெருக்கல் குறி, ஒரு நீலம், ஓர் அம்பு. குறிகள் சரி என்று டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் பார்த்தது காகிதத்தைத்தான். சின்னவனின் வாயை அவர் எங்கே பார்த்தார்! அவனும் அதற்குப் பிறகு அக்காவைக் கண்டாலே வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவான்.

பாப்பாவுக்கு வேலை கிடைத்தது. சின்னவன் பெயிண்ட் கிடங்கில் டிரம் அடுக்கப் போனான். நல்ல பிள்ளை, ஆனால் மூக்குக்கு மேல் கோபம். என் வீட்டுக்காரரோடு ஏதாவது வார்த்தை முற்றினால் போனை அணைத்துவிட்டு யாராவது சிநேகிதன் அறையில் போய்க் கிடப்பான். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து, "அண்ணி, பசிக்குது" என்பான். அப்படி ஒருமுறை அவன் கோபித்துக்கொண்டு போயிருந்தபோதுதான் அந்தக் கிடங்கு தீப்பிடித்தது.

அன்று அவன் வேலைக்குப் போனானா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை. மூன்று உடல்கள் கிடைத்தன. முகம் பார்த்துச் சொல்லும்படி ஒன்றும் இல்லை.

"அவன் அங்க போயிருக்கவே மாட்டான். அண்ணன் மேல இருக்கற கோவத்துல எங்கயோ படுத்துக் கெடக்கான்" என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம்.

பல் சார்ட் ஏதாவது இருந்தால் கொண்டு வரச் சொன்னார்கள் அரசாங்க மருத்துவமனையில். சின்னவனுக்குப் பல் பிடுங்கிய டாக்டர் கடையைக் கட்டிக்கொண்டு போய் நெடுநாளாகிவிட்டது. பாப்பா படிக்கும்போது வரைந்த அந்தப் படம் ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனோம். மாமியாரும் என் வீட்டுக்காரரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பாப்பாவோடு நான் உள்ளே போனேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். எங்கள் காகிதத்தையும் தன்னுடைய காகிதங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"உங்க தம்பிக்கு மேல் வலது ஆறாவது பல் இல்லைன்னு போட்டிருக்கு. இங்க மூணு பேருக்கும் அந்தப் பல் இருக்கு. ஒருத்தருக்கு ஆறாவது இல்லை, ஆனா அது இடது பக்கம். இவங்கள்ல உங்க தம்பி இல்லைம்மா."

நான் வெளியே ஓடினேன். "அத்தை, நம்ம புள்ளை இல்லை!" மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, "வரட்டும், அவன் கால்லயே விழறேன்" என்றார். நான் கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். கண்ணைத் திறந்தபோது பாப்பா என் கையைப் பிடித்துத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துப் போனாள்.

"அண்ணி, அவனுக்குப் பல்லு புடுங்கினப்ப நீங்கதானே ஐஸ் வெச்சு விட்டீங்க. எந்தக் கன்னம்?"

"இடது கன்னம். தலகாணியில அந்தப் பக்கம் சாயவே முடியலைன்னு உயிரை எடுத்தானே." நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"எதிர்ல இருக்கறவங்களோட இடது, நமக்கு வலது கைப் பக்கம் தெரியும் அண்ணி. நான் அப்பப் புதுசு. என் வலது கைப் பக்கம் தெரிஞ்சதை அவனுக்கும் வலதுன்னு நெனைச்சுப் போட்டுட்டேன். புதுசா வர்ற எல்லாரும் பண்ற தப்பு. அவன் வாய் முழுக்க மாத்தி வரைஞ்சிருக்கேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அவள் கையை விடவில்லை.

"சொல்லாதே பாப்பா. அத்தையைப் பாரு. வருவான்னு நெனைச்சுக்கிட்டாவது இருக்கட்டும்."

"அவன் உள்ள தனியாக் கெடக்கான் அண்ணி. யாரோன்னு நெனைச்சு எங்கயாவது பொதைச்சுருவாங்க." என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு அவள் உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

அவள் சொன்னதைக் கேட்டு டாக்டர் எங்கள் காகிதத்தை மறுபடி விரித்துப் பார்த்தார். பிறகு கையுறையை எடுத்தார்.

"மறுபடியும் பாக்கறேன். நீங்க உள்ள வர வேண்டாம்மா."

"வரலை சார். கதவுக்கு இந்தப் பக்கமே நிக்கறேன். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

புதுக் காகிதம் ஒன்றை வாங்கிச் சுவரில் வைத்துக்கொண்டாள். பாதி திறந்த கதவுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"மேல் இடது ஆறு. இல்லை."

பெருக்கல் குறி போட்டாள்.

"கீழ் வலது ஏழு. அடைச்சிருக்கு."

நீலப் பேனா இல்லை. கறுப்பிலேயே நிரப்பினாள்.

"மேல் வலது ரெண்டு. திரும்பியிருக்கு."

"எந்தப் பக்கமா சார்?"

"நடுப்பக்கமா."

அம்பை நடுப்பக்கமாக வளைத்து முடித்தாள். பிறகுதான் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

மாமியாரிடம் அவளேதான் போய்ச் சொன்னாள். காலடியில் தரையில் உட்கார்ந்து, "அவன்தான்மா. நான் அப்ப தப்பா எழுதிட்டேன்" என்றாள்.

மாமியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்குத் தப்பா எழுதினவ இன்னிக்கும் தப்பாத்தான் எழுதியிருப்பே. போய் இன்னொரு தடவை பாரு, போ."

சின்னவனை அவன் பெயரோடு வீட்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். பாப்பா இப்போதும் அதே வேலைக்குத்தான் போகிறாள். அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் கேட்டுவிடுவார், "நல்லாப் பாத்துத்தான் எழுதினியாடி?" என்று. கோபமாகக் கேட்கிற நாளும் உண்டு, கெஞ்சுகிற நாளும் உண்டு. பாப்பா பையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்துத்தான்மா எழுதினேன்" என்பாள். இருவருக்காகவும் கடவுளிடம் கேட்டுக்கொண்டு நான் டீ போட எழுந்து போவேன்.