மூன்று கிலோமீட்டர் பொய்

பம்ப் கம்பெனியின் லேத் பிரிவில் அவரை எல்லோரும் நூலண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. ஒரு தண்டைக் கடைந்து முடித்தால், ஒரு நூல்கூடப் பிசகியிருக்கக் கூடாதென்று மூன்று இடத்தில் அளந்து பார்ப்பார். மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அடுத்ததைத் தொடுவார். புதிதாக வந்த ஃபோர்மேன் ஒருமுறை, "பம்ப்பு தண்ணி இறைக்கத்தானே போகுது, என்னவோ வானத்துல பறக்கப் போற மாதிரி பாக்கறீங்களே?" என்று கேட்டுவிட்டார். "பறக்கறதுன்னா இன்னும் ரெண்டு இடத்துல அளந்திருப்பேன் சார்" என்றார் நூலண்ணன். ஃபோர்மேன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வந்து வாயைத் திறக்கவில்லை.

படகு அவர் கைக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. ஏரிக்கரையில் மூடப்பட்ட ஒரு விடுதியின் கொட்டகையில் எஞ்சின் இறுகிப்போய், இருக்கைக்குள் எலி குடித்தனம் நடத்திக்கொண்டு கிடந்தது. சறுக்குப் பலகையில் நிற்பவர்களை இழுப்பதற்கென்றே செய்த படகு அது. எஞ்சின் நடு வயிற்றில் இருக்கும். படகு வேலை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கழற்றினார், வரைந்து வைத்துக்கொண்டார், மறுபடி மாட்டினார். ஞாயிறு ஞாயிறாக இரண்டு வருடம் போயிற்று. எஞ்சினுக்குக் குளிர்ந்த தண்ணீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரத்தை வருடத்துக்கு ஒருமுறை, நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவார். சாவி போடுமுன் காற்றாடியை நாலு நிமிடம் ஓடவிட்டு பெட்ரோல் ஆவியை வெளியேற்றுவார். அந்த நாலு நிமிடத்தில் யார் அவசரப்படுத்தினாலும் காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ஆனால் தண்ணீரில் அவரால் நிற்க முடியவில்லை. இரண்டு தடவை முயன்று பாதி ஏரியைக் குடித்ததுதான் மிச்சம். அவர் மனைவியோ மூன்றாவது இழுப்பிலேயே எழுந்து நின்றுவிட்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊசியும் கண்ணாடிக் குழாயுமாக உட்கார்ந்திருப்பவள். அவளுக்குள் இப்படி ஒருத்தி இருப்பது கட்டிக்கொண்டவருக்கே அன்றுதான் தெரிந்தது.

அதன் பிறகு வாழ்க்கை அப்படியே அமைந்துவிட்டது. அவர் ஓட்டுவார், அவள் ஒற்றைப் பலகையில் பின்னால் வருவாள். பால் வேன் ஓட்டும் அவள் தம்பி, படகுக்குள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, அக்கா விழுந்தால் சிவப்புக் கொடியைத் தூக்கிக் காட்டுவான். தண்ணீரில் ஆறு பந்துகள் மிதக்கும், மூன்று இடப்பக்கம், மூன்று வலப்பக்கம். படகு நடுவே நூல் பிடித்தாற்போலப் போகவேண்டும். கயிற்றைப் பிடித்து வருகிறவள் அப்படியும் இப்படியும் பாய்ந்து ஒவ்வொரு பந்தையும் சுற்றி வரவேண்டும். ஆறையும் சுற்றிவிட்டால் அடுத்த ஓட்டத்துக்கு வேகத்தை மூன்று கிலோமீட்டர் கூட்டலாம். எந்தப் பந்தில் விழுகிறாளோ அதுதான் அன்றைய எண்.

நாற்பத்தொன்பது கிலோமீட்டரில் ஆறு பந்து என்பது அவள் பதினாறு வருடம் உழைத்துச் சம்பாதித்தது. அந்த வருடமே ஒருநாள் கயிறு கையில் சுற்றிக்கொண்டு விழுந்ததில் இடது தோள் பிசகிக் கிழிந்தது. எட்டு மாதம் தண்ணீரைப் பார்க்கவில்லை. "இனிமே வாளி தூக்கறதே பாத்துத் தூக்குங்க" என்றார் எலும்பு டாக்டர். திரும்பி வந்தபோது நாற்பத்தாறு வரை ஏறினாள். நாற்பத்தொன்பது வைத்தால் மூன்றாவது பந்து, இல்லையென்றால் நான்காவது. வாராவாரம் அதே கதை. ஒருநாள் படகில் ஏறி, கையுறையைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"போதுங்க. படக வித்துடலாம்" என்றாள்.

அந்த வாரம்தான் நூலண்ணன் அந்தக் காரியத்தைச் செய்தார்.

பழைய படகின் வேக மீட்டர் என்பது எளிய சாமான். அடியில் ஒரு சின்னக் குழாய். ஓடும்போது தண்ணீர் அதற்குள் முட்டும் அழுத்தம் முள்ளைத் தள்ளும். மீட்டரின் முதுகில் ஒரு குட்டித் திருகு இருக்கும். முள் சரியாகக் காட்டுகிறதா என்று ஸ்டாப்வாட்ச் வைத்து ஓடிப் பார்த்து, அந்தத் திருகால் சரிசெய்ய வேண்டும். பதினேழு வருடமாகச் சரி செய்வதற்கு மட்டுமே தொட்ட அந்தத் திருகை அன்று கால் சுற்று தப்பாகத் திருப்பினார். நாற்பத்தாறில் ஓடினால் முள் நாற்பத்தொன்பதைக் காட்டியது. ஸ்டாப்வாட்ச்சை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். ஒரே ஒரு தடவைக்கு என்றுதான் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆறு பந்தையும் சுற்றினாள். கயிற்றை விட்டுத் தண்ணீருக்குள் இறங்கி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பிக்காரன் கொடியை விசிலடித்து ஆட்டினான். அந்த அழுகையைப் பார்த்த பிறகு திருகைத் திருப்பி வைக்க அவருக்குக் கை வரவில்லை. இரண்டு வருடம் நான்கு மாதம் அப்படியே போயிற்று.

ஊரின் மறுபக்கத்து ஏரியில் ஒரு சறுக்குச் சங்கம் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கென்று ஒருநாள் போட்டி வைத்தார்கள். அவள் நாற்பத்தொன்பது என்று எழுதிப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தச் சங்கத்தின் படகு புதிது, வேகத்தைக் கம்ப்யூட்டரே பிடித்துக்கொள்ளும். அதன் முதுகில் திருகு கிடையாது. விஷயம் தெரிந்த நாளிலிருந்து நூலண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. தோளில் பழைய கிழிசல் உள்ளவள், தெரியாத படகில், உடம்பு பழகியதைவிட அதிகமான வேகத்தில் இழுபடப் போகிறாள்.

போட்டிக்கு முந்தைய ஞாயிறு மச்சான் புது போனோடு வந்தான். அக்கா ஓட்டத்தை முடித்துத் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தாள். எஞ்சின் மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

"மாமா, உங்க மீட்டருக்கு வயசாயிடுச்சு போல. போன்ல நாப்பத்தாறுதான் காட்டுது."

நூலண்ணன் மீட்டர் கண்ணாடியைத் துணியால் துடைத்தார்.

"நூல் விட்டு எங்க அக்காவக் கட்டுனவரு நீங்க. நூல் பிசகாத ஆளு. உங்க மீட்டர் பொய் சொல்லுதேன்னு..." என்று சிரித்துக்கொண்டே திரும்பிய மச்சான், மாமாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டான். "தெரிஞ்சேவா?" என்றான்.

"தெரிஞ்சேதான்."

"ஐயோ மாமா." போனைச் சட்டைப் பையில் போட்டான். "அடுத்த ஞாயித்துக்கெழம அவ அங்க போய் நிக்கப் போறா. நீங்களே சொல்லிடுங்க. என் வாயில இருந்து வந்துச்சுன்னா உங்களுக்கும் அசிங்கம், அவளுக்கும் அசிங்கம்."

புதன்கிழமை மாலை படகுக் கொட்டகையில் எஞ்சினுக்கும் ப்ரொப்பெல்லர் தண்டுக்கும் நடுவே உள்ள இணைப்பைச் சரிபார்க்கும் வேலை இருந்தது. படகைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத்தான் அதைச் செய்யவேண்டும். கரையில் வைத்தால் அடிப்பாகம் வேறு மாதிரி வளைந்து அளவு பொய்யாகிவிடும். அவர் குப்புறப் படுத்து, காகிதத்தைவிட மெல்லிய தகட்டை இணைப்பின் இடுக்கில் விட்டுப் பார்ப்பார். அவர் சொல்லச் சொல்ல அவள் தண்டைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுவாள். வருடத்துக்கு இரண்டு தடவை இருவரும் சேர்ந்து செய்யும் வேலை.

"இன்னும் கொஞ்சம்" என்றார். அவள் சுற்றினாள். "போதும்." தகடு நுழைந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. முகம் எஞ்சினைப் பார்த்தபடியே இருக்க, "ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க."

"மீட்டர் மூணு கிலோமீட்டர் கூட்டிக் காட்டுது. நான்தான் திருப்பி வச்சேன்."

தண்டின் மேலிருந்த அவள் கை நின்றது. படகு கட்டையில் இடித்து இடித்து விலகிக்கொண்டிருந்தது.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம் நாலு மாசம்."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டது அவருக்குத் தெரிந்தது. கையுறையைக் கழற்றிப் போட்ட வாரத்துக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும்.

"அப்போ நான் அழுதேனே, அன்னைக்கு?"

"நாப்பத்தாறு."

"எழுந்திரிங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். முழங்கையெல்லாம் கிரீஸ்.

"மனசு விட்டுப் போயிட்டியேன்னுதான்... ஒரு தடவ மட்டும்னுதான் நெனச்சேன்."

"நானும் தெனம் பாக்கறேன், மனசு விட்டுப் போனவங்கள" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "சர்க்கர முந்நூறு இருக்கும். ரிசல்ட்ட வாங்க வரும்போதே கை நடுங்கும். பாவம்னு நூத்திப்பத்துன்னு எழுதிக் குடுக்கவா? சந்தோஷமா வீட்டுக்குப் போவாங்க."

அவர் முழங்கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு முன்னாடி எத்தன தடவ திருப்புனீங்க?"

"ஒரு தடவகூட இல்ல. சத்தியமா இல்ல."

"அத நான் எப்படி நம்பறது?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்டது போல இல்லை. உண்மையிலேயே வழி தெரியாமல் கேட்டாள். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கரையேறிப் போய்விட்டாள்.

வீட்டில் இரண்டு நாள் தேவைக்கு மட்டும் பேச்சு. சோறு போட்டாள், தட்டை எடுத்தாள், வேலைக்குப் போனாள். அவர் கம்பெனியில் ஒரு தண்டை ஆறு தடவை அளந்தார். ஆறு தடவையும் சரியாக இருந்தது. அதில் அவருக்கு எந்த நிம்மதியும் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை காப்பித் தம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, "திருக இருந்த எடத்துல வைங்க" என்றாள்.

"நேத்தே வச்சிட்டேன்."

"யாரு பாத்தா?"

அந்த இரண்டு சொல் முகத்தில் அறைந்தது போல இருந்தது. முப்பது வருட வேலையில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. இழுப்பறையிலிருந்து ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு போய், ஏரிக்கரையில் காத்திருந்த மச்சானிடம் கொடுத்தார்.

ஏரியில் மூன்று தடவை வெறும் படகை ஓட்டினார்கள். அவள் கரையில் நின்று பார்த்தாள். "பத்தொம்போது வினாடி" என்று மச்சான் ஒவ்வொரு தடவையும் சத்தமாகக் கத்தினான். நாற்பத்தொன்பதில் பந்து வரிசையைக் கடக்க அதுதான் சரியான நேரம். இத்தனை நாள் ஓடியது ஒன்றேகால் வினாடி அதிகம். பலகையில் நிற்பவளுக்கு அது அடுத்த பந்துக்குப் பாதி வழி போய்ச் சேருகிற நேரம்.

அவள் தண்ணீரில் இறங்கினாள். முதல் ஓட்டத்தில் இரண்டாவது பந்திலேயே போனாள். அடுத்ததில் மூன்று. நெஞ்சு ஏறி இறங்க, படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தாள். நூலண்ணன், "தோள் வலிக்குதா? இன்னைக்கு இது போதுமே" என்றார்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "டேய், நீ ஓட்டு" என்றாள் தம்பியிடம்.

"நானா? எனக்குப் பால் வண்டிதான்க்கா தெரியும். குழி வந்தா ஒதுங்குவேன்."

"இங்க குழி இல்ல. நேரா போ." பிறகு கணவரைப் பார்த்தாள். "நீங்க இவன் எடத்துல உக்காருங்க. எத்தனன்னு நீங்க சொல்லணும்."

நூலண்ணன் ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தார். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, கொடியை மடியில் வைத்துக்கொண்டார். ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. இத்தனை வருடத்தில் கயிற்றின் இழுப்பை வைத்துத்தான் அவளை அவர் அறிந்திருந்தார்.

படகு சீறிக் கிளம்பியது. அவள் தண்ணீரைப் பிளந்துகொண்டு எழுந்தாள். நுழைவாயிலாக மிதக்கும் இரண்டு பந்துகளைத் தாண்டியதும் வலப்பக்கம் சாய்ந்தாள். உடம்பு முழுவதும் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே படுத்துக் கிடந்தது. முதல் பந்து. குறுக்கே பாய்ந்து வரும்போது பற்களைக் கடித்திருந்தாள். இரண்டாவது. இடது தோள் ஒவ்வொரு இழுப்புக்கும் வெட்டி வெட்டி அடங்கியது. அதை வாயால் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. மூன்றாவது. தாமதமாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. நான்காவது பந்தை நோக்கிப் பறந்து வந்து, சுற்றி, திரும்பின அந்தக் கணத்தில் பலகை அடியிலிருந்து நழுவியது. வெள்ளை நுரைக்குள் போய் விழுந்தாள்.

அவர் கொடியைத் தூக்கினார். படகு வளைந்து அவளிடம் போயிற்று.

பந்தைச் சுற்றியதுமே விழுந்தால் அந்தப் பந்துக்குக் கால்தான் கணக்கு. சுற்றி, பந்து வரிசைக்கு உள்ளே வந்து விழுந்தால் அரை. அவள் தலையை உதறி, கண்ணிலிருந்த தண்ணீரை வழித்துவிட்டு, "எத்தன? மூணரதானே?" என்று கேட்டாள்.

"மூணரைக்கா! சூப்பர்!" என்றான் மச்சான், திரும்பிக்கூடப் பார்த்திராத மச்சான்.

அவள் தம்பியைப் பார்க்கவில்லை. கணவரையே பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அரை என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

"மூணே கால்" என்றார் நூலண்ணன். "நீ உள்ள வரல. பந்துக்கு நேரா விழுந்துட்ட."

"ஒரு முழம் உள்ள வந்தேன்."

"வரல."

ஏரியில் அலை அடங்கும்வரை அவள் அப்படியே மிதந்தாள். பிறகு பலகையை இழுத்துக் காலில் மாட்டத் தொடங்கினாள்.

"மூணே கால்" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "நாளைக்கு எழுதுன வேகத்துலயே நிக்கறேன். எத்தன வருதோ வரட்டும்." கயிற்றுக்காகக் கையை நீட்டினாள். "நீங்க அங்கயே உக்காருங்க. இன்னொரு தடவ."

நூலண்ணன் கைப்பிடியை அவள் பக்கம் வீசினார்.