உண்ணிக் காய்ச்சலும் என் மூஞ்சியும்

விரலில் குத்தி ரத்தம் எடுக்கிறவளை வாசலுக்கு வந்து வரவேற்றவர்கள் இதுவரை யாரும் இல்லை. கணக்கெடுக்கப் போகிறவர்கள், சொட்டு மருந்து போடுகிறவர்கள், பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிற என் இனத்தாரே, உங்களுக்கு இது புரியும். லேப் டெக்னீஷியன் படிப்பு படித்த நான், இரண்டு வருடமாகத் திருப்பத்தூரிலிருந்து ஜீப்பில் ஜவ்வாது மலை ஏறி, புதூர்நாட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு புதுக் கருவியைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். புதரில் இருக்கும் பூச்சி கடித்து வருகிற உண்ணிக் காய்ச்சலை அது கண்டுபிடிக்கும். சீக்கிரம் தெரிந்தால் சாதாரண மாத்திரையில் போய்விடும். தாமதமானால் ஆளையே கொண்டுபோய்விடும்.

கரிக்கோடு

கருவி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஐஸ் குச்சி அளவில் ஒரு பட்டை, அதன் நுனியில் கிராஃபீன் பூசிய கறுப்புக் கோடு. பென்சிலில் இருக்கிற அதே கரிதான், ஏடு ஏடாக உரித்து எடுத்தது. அதன்மேல் காய்ச்சல் கிருமியைப் பிடித்துக்கொள்கிற புரதத்தை ஒட்டியிருப்பார்கள். ஒரு சொட்டு ரத்தம் விட வேண்டும். கிருமி இருந்தால் கோட்டில் ஓடும் மின்சாரம் மாறி, பட்டையைச் செருகியிருக்கும் கையடக்க மீட்டரில் எண் ஏறும்.

இதையெல்லாம் காசியம்மா அக்காவுக்குக் கால் மணி நேரம் விளக்கினேன். அவர் வீட்டு முன்னால்தான் எப்போதும் நாங்கள் மேசை போடுவோம். முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பென்சிலு கரில ஜொரம் தெரியுதாமே! எங்கூட்டு அடுப்புல எம்மாங் கரி கீது, அதுல எதனா தெரியுதா பாரு பாப்பா.”

ஊசிக்கு வெட்கம்

பனி இறங்கினால் அந்தக் கோடு ஈரத்தைக் குடித்துவிடும். எண் தானாக ஆடும். ஆகவே மீட்டரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெயில் வரும்வரை குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்வேன். வெயில் வந்ததும் அடுத்த சங்கடம் வரும். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்களில் ஊசி இறங்காது.

ஒருநாள் ஒரு பெரியவருக்கு மூன்று விரலில் குத்திவிட்டேன். ஒரு பொட்டு ரத்தம்கூட வரவில்லை. எனக்கு அழுகை வந்ததுதான் மிச்சம். அவர் என்னைத் தேற்றுகிறாரா, திட்டுகிறாரா என்றே தெரியவில்லை: “கால்ல முள்ளு பூந்தா கொடகொடன்னு கொட்டுது, ஒன் ஊசியக் கண்டா மட்டும் ரத்தத்துக்கு இன்னா வெக்கமோ!”

ஒரே வாக்கியம்

கருவிக்கு இன்னும் அங்கீகாரம் கிடைக்கவில்லை. அதனால் மீட்டரில் வரும் எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி. குப்பியில் தனியாக எடுத்த ரத்தம் வேலூர் ஆய்வகத்துக்குப் போகும். நாலைந்து நாள் கழித்து அங்கிருந்து வருவதுதான் முடிவு. அதுவரை காய்ச்சல் உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும் நான் ஒப்பிக்க வேண்டியது ஒரே வாக்கியம்: ‘காய்ச்சல் தொடர்ந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவும்.’

எல்லோருக்கும் சொல்கிற ஒன்றை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? அவர்கள் என் மூஞ்சியைப் படித்தார்கள். எண் ஏறினால் என் புருவமும் ஏறுகிறதாம். புருவத்தைப் பார்த்தவர்கள் மறுநாளே கீழே இறங்கிப்போய் மாத்திரை வாங்கிக்கொண்டார்கள். எங்கள் ஜீப் ஓட்டுநர் சேட்டு அண்ணனுக்கு ஒரே சிரிப்பு: “மெஷினு இன்னாத்துக்கும்மா? ஒன் மூஞ்சியவே வேலூருக்கு அனுப்பிச்சிடலாம்.”

கண்ணாடிப் பயிற்சி

திட்டத்தின் தலைவரான எங்கள் சார் ஒருநாள் மேலே வந்தார். என் புருவத்தை அவரும் பார்த்துவிட்டார். “விதியை மீறினால் திட்டத்தையே நிறுத்திவிடுவார்கள், இத்தனை பேர் உழைப்பும் போய்விடும்” என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அன்றிலிருந்து ஜீப் கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி எடுத்தேன். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வந்தாலும் முகம் அசையாத அளவுக்குத் தேறினேன். அடுத்த முறை வந்தபோது சார் மனமாரப் பாராட்டினார்: “இப்பதாம்மா நீங்க புரொஃபஷனல்.”

சாமை அறுப்பு

அறுப்பு நேரம். காசியம்மா அக்காவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். தன் வீட்டு வாசலில் போட்ட மேசைக்குத் தானே வந்து விரலை நீட்டினார். எண் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. அப்படி ஓர் எண்ணை அதுவரை நான் பார்த்ததில்லை. ‘இப்பவே கிளம்புக்கா’ என்பது தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். வாக்கியத்தைச் சொன்னேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் அசையவில்லை. தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு, கதிர் அரிவாளை எடுத்தார்: “அப்பாடா, ஒன் மூஞ்சி சும்மாதான் கீது. இன்னும் நாலு நாள்ல அறுத்து முடிச்சிட்டு, அப்பால போய்க்கறேன்.”

மேட்ச்

ஐந்தாம் நாள், நினைவில்லாத காசியம்மா அக்காவைப் பின்சீட்டில் கிடத்தி சேட்டு அண்ணன் ஜீப்பை இறக்கினார். அக்காவின் தலை என் மடியில் இருந்தது. மீட்டர் காலடியில் உருண்டுகொண்டிருந்தது, நான் அதை எடுக்கவில்லை. பாதி மலையில் சிக்னல் கிடைத்ததும் போன் அடித்தது. சார்தான். மடியில் யார் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது: “சூப்பர்மா! அன்னைக்கு ரொம்ப ஏறிச்சே ஒரு சாம்பிள், அதுக்கு வேலூர் ரிசல்ட்டும் நம்ம ரீடிங்கும் அப்படியே மேட்ச்!”

மறுபடியும் மேசை

அக்கா பிழைத்து வந்தார். ஒரு மாதம் ஆயிற்று. காய்ச்சல் போகும்போது காதைக் கொண்டுபோய்விட்டது. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். மறுபடியும் அவர் வாசலில் மேசை போட்ட அன்று நான் அவர் எதிரே உட்கார்ந்து, தெரிந்தேதான் சொல்லாமல் விட்டேன் என்று கத்தினேன். பயிற்சி எடுத்த முகம் அன்றைக்குக் கோணிக்கொண்டு அழுதது. அக்கா தன் முந்தானையால் அதைத் துடைத்தார்: “கத்தாத பாப்பா, எனுக்கு ஒண்ணியும் கேக்கல. இனிமே ஒன் மூஞ்சிதான் எனுக்கு, அதயாவது மறைக்காத.”

இந்த வேலைக்கு வரப்போகிற என் இனத்தாரே, ஊசி குத்தப் பத்து நாளில் பழகிவிடலாம், மூஞ்சியை மட்டும் பழக்கிவிடாதீர்கள்.