இரண்டு கரைக்கு ஒரு குழு

எங்கள் தோட்டத்துக்கும் அக்கரைத் தோட்டத்துக்கும் நடுவே ஓர் ஆறு. இந்தப் பக்கம் பேராக், அந்தப் பக்கம் கெடா. இரண்டும் ஒரே கம்பெனியின் ரப்பர் தோட்டங்கள் என்பதால் மாநில எல்லையை நாங்கள் யாரும் பொருட்படுத்தியதில்லை. பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம். காற்பந்துக் குழுவும் ஒன்றுதான் வைத்திருந்தோம். தனித்தனியாகக் குழு சேர்க்க இரு பக்கமும் ஆள் போதாது. எங்கள் கரையில் ஓடுகிற கால்கள் இருந்தன. அந்தக் கரையில் நல்ல கோல்கீப்பரும் நல்ல வாயும் இருந்தன. வாய் என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. அவர்தான் கேப்டன்.

தீபாவளி வரைக்கும் ஆட்டங்கள் அக்கரைத் திடலில், தீபாவளிக்குப் பிறகு எங்கள் திடலில். அதுதான் ஏற்பாடு. ஆட்டம் எந்தப் பக்கமோ, சட்டைகளைத் துவைத்து வைப்பதும் அந்தப் பக்கத்தின் பொறுப்பு. எங்கள் பக்கம் அதை அம்மா செய்தார். தீபாவளி முடிந்ததும் சட்டை மூட்டை சம்பான் படகில் ஆற்றைக் கடந்து எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிடும். மூட்டை வந்துவிட்டால் குழுவே வந்துவிட்டதாகத்தான் கணக்கு. அடிதடி நடந்த வருடத்தில்கூட இதை யாரும் மீறியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் தோட்டங்களுக்கிடையிலான கேடயப் போட்டியில் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டோம். ஈப்போ பக்கத்துத் தோட்டம் ஒன்று எதிரணி. தீபாவளி முடிந்திருந்தது, ஆகவே எங்கள் திடல். நான் இடது பக்கம் ஓடுகிறவன், பதினொன்றாம் எண். படிப்பை விட்டு ரப்பர் மரம் சீவப் போனவன். தோட்டத்தில் என்னை நாலு பேர் நிமிர்ந்து பார்த்த ஒரே இடம் அந்தத் திடல்தான். என் சனங்கள் பார்க்க அந்த ஆட்டத்தை ஆட வேண்டும். அந்த வருடம் எனக்கு வேறு ஆசையே கிடையாது.

வேலை முடிந்ததும் ஆணும் பெண்ணுமாகத் திடலில் இறங்கினோம். லாலாங் புல்லை வெட்டினோம், கோடுகளுக்குச் சுண்ணாம்பு போட்டோம், கோல் கம்பங்களுக்கு வெள்ளையடித்தோம். முனியாண்டி கோயிலில் பந்தை வைத்து எலுமிச்சம்பழம்கூட அறுத்தாகிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் கேப்டன் மோட்டார் சைக்கிளில் வந்தார்.

“அத்தை, சட்டை மூட்டைய குடுங்க. ஒங்க மக புது நம்பர் வெட்டி வச்சிருக்கா, தச்சுக் குடுக்குறாளாம். ஞாயித்துக்கெழம காலையில நானே கொண்டு வாரேன் லா.”

அம்மா அப்போதுதான் எல்லாவற்றையும் துவைத்து மடித்து வைத்திருந்தார். அரையிறுதியில் என் சட்டைக் கழுத்துப் பொத்தான் பிய்ந்துபோயிருந்தது. வேறு கிடைக்காமல், தன் வேலைச் சட்டையிலிருந்து பெரிய பச்சைப் பொத்தான் ஒன்றைப் பிடுங்கித் தைத்திருந்தார். மூட்டையோடு அக்காவுக்கு ஒரு டின் முறுக்கையும் கொடுத்தார். சந்தேகப்பட என்ன இருக்கிறது? வீட்டு மாப்பிள்ளை. மூட்டையை மோட்டார் சைக்கிளில் இறுக்கிக் கட்டிவிட்டதே நான்தான்.

“நல்லா ரெஸ்ட் எடு மச்சான். ஒன்னய நம்பித்தான் இருக்கேன்” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டமே திடலைச் சுற்றி நின்றது. எதிரணி வரவில்லை. எங்கள் கேப்டனும் வரவில்லை. வெயில் ஏற ஏறச் சுண்ணாம்புக் கோடு கண்ணைக் கூச வைத்தது. பிற்பகலில் சைக்கிளில் வந்த ஐஸ் விற்பவர்தான் சொன்னார்.

“இங்க என்னா செய்றீங்க அண்ணே? கேம் அந்தப் பக்கம்ல நடக்குது. ஈப்போ பஸ்ஸ நான் பார்த்தேனே.”

யாரும் நம்பவில்லை. தோட்ட லோரியில் ஏறிப் பாலம் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் பாதி நடந்துகொண்டிருந்தது. எங்கள் சட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா துவைத்த சட்டைகள். அவற்றுக்குள் எங்கள் கரை ஆள் ஒருவன்கூட இல்லை. பதினொன்றாம் எண்ணில் எவனோ ஒருவன். கோலுக்குப் பின்னால் நின்றிருந்த அக்கா என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

அவர்கள் ஜெயித்தார்கள். கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேப்டன் என்னிடம் வந்தார்.

“கோவப்படாத மச்சான். ஒங்க தோட்டத்த வித்துட்டாங்க. அந்தத் திடல்லயும் செம்பனை நடப் போறாங்களாம். ஆபீஸ் கிராணி போன மாசமே சொல்லிட்டாரு. அங்க வச்சு ஆடுனா கேடயமும் சட்டையும் ஒங்களோட போயிரும், அடுத்த வருஷம் டீமே இருக்காது லா. அதான் டீம இங்க மாத்திட்டோம்.”

“தெரிஞ்சிருந்தா ஏன் மாமா எங்ககிட்ட சொல்லல?”

“சொன்னா சட்டைய குடுத்திருப்பீங்களா?”

அவர் சிரித்துக்கொண்டே கேட்டதுதான் இன்றுவரை ஆறவில்லை. விற்கப்பட்டுவிட்ட மண்ணில் நாங்கள் புல் வெட்டியிருக்கிறோம். அதைத் தெரிந்துகொண்டேதான் அவர் எங்கள் வீட்டுக் கோப்பியைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். தோட்டம் போகப் போவதை ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் வேலை, வீடு என்று எதையாவது தேடியிருப்போமே. அவருக்குக் கேடயம் பெரிதாகிவிட்டது. தோட்டத்தை விற்ற கம்பெனிமேல்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. கம்பெனி எங்களுக்குச் சொந்தமில்லை.

அடுத்த வருடமே நாங்கள் ஈப்போவுக்குப் பெயர்ந்தோம். எனக்குத் தொழிற்சாலை வேலை. அதன்பின் நான் பந்தை உதைக்கவே இல்லை. அக்கரைக் குழு இரண்டு வருடம் தாங்கியது, பிறகு கலைந்துபோயிற்று என்று கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தம் வரவில்லை.

அக்கா புது வீட்டுக்குக் குடிபோனபோது அம்மாவுக்காகப் போனேன். கூடத்தில் அந்தக் கேடயமும், அதற்குமேல் பெரிதாக்கிய கலர் படமும் இருந்தன. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தின் அருகே போனார். வரிசை ஓரத்தில் நின்றவனின் கழுத்தில் விரலை வைத்தார். பச்சைப் பொத்தான்.

“தம்பியோட சட்ட. இதுல நிக்கிற பையன் யாரு மாப்பிள்ள?”

அவர் எட்டிப் பார்த்தார்.

“டவுன்லேர்ந்து அன்னிக்கு மட்டும் கூட்டியாந்தோம் அத்தை. பேரு ஞாபகம் இல்ல லா.”