புதுக் கேசட்டில் இரண்டு கோடுகள்

நேற்று உறை பிரித்த புது வீடியோ கேம் கேசட்டில், கருவிக்குள் சொருகும் செம்புப் பற்களின் மேல் இரண்டு மெல்லிய கோடுகள். கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன். "கம்பெனியிலயே சொருகி டெஸ்ட் பண்ணித்தான் சார் அனுப்புவாங்க. எல்லாத்துலயும் இருக்கும்" என்றான் கடைப் பையன்.

அதே கோடுகள்! எண்பதுகளின் கடைசியில், குவைத் மாமா தந்த கையடக்க கேமுக்காக அப்பா குற்றாலம் சீசன் கடையில் வாங்கிய கேசட்டிலும் இருந்தன. மறுநாளே அப்பாவுடன் போய், "சொருகின தடம் இருக்கு, இது வாடகைக்கு விட்ட பழசு" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "அண்ணாச்சி, ஒங்க பய கீறிட்டு வந்து பொய் சொல்லுதான்."

எண்ணெய் தேய்த்து அருவிக்குப் போகிற கூட்டத்தின் நடுவே அப்பா என் காதைத் திருகினார்.

விடுவேனா? தினமும் தென்காசியிலிருந்து பஸ் ஏறிப் போய், சாரலில் கடை எதிரே நின்றேன். கேசட்டை எடுத்தவர்களிடமெல்லாம், "பல்லைப் பாருங்க, பழசு!" என்றேன். எல்லாவற்றிலும் கோடு இருந்தது. எல்லோரும் வைத்துவிட்டுப் போனார்கள்.

"ஏலே, ஒனக்கு என்னதாம்லே வேணும்?"

"நான் பொய் சொல்லலைன்னு எங்கப்பாகிட்ட வந்து சொல்லணும்."

ஒரு வாரம் தாங்கினார். பிறகு எங்கள் வீட்டுக்கே வந்து, "பழசுதான் அண்ணாச்சி, ஒங்க பய சொன்னதுதான் நெசம்" என்று தலைகுனிந்து சொல்லிவிட்டுப் போனார்.

அது புதுசுதான் என்று இப்போது தெரிகிறது. ஆனால் நான் கீறவில்லை. அவரைப் பாவம் என்று சொல்ல இன்னும் மனசு வரவில்லை.