தேசிங்கு எழுதித் திட்டிய சிலேட்டு

சேதி வந்தபோது எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவை அணைத்துவிட்டு நின்றிருந்தேன். நம்ம ஸ்டாண்டு பஷீர்தான் போன் செய்தான். "மாமு, நம்ம தேசிங்கு பூட்டான். காலைல எழுப்பிக்கீறாங்க, எந்திரிக்கல." முன்னால் நின்ற லாரி நகர்ந்தது எனக்குத் தெரியவில்லை. பின்சீட்டில் இருந்தவர்கள் கத்திய பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

திருவொற்றியூர் தேரடி ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் உங்களுக்கு அவனைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கும் அவனுக்கும் வேலை ஆட்டோ ஓட்டுவது என்று எங்கள் வீடுகளில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் கலாய்ப்பதுதான் வேலை. நடுநடுவே சவாரி போவோம்.

அவனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரலை எடுத்துவிட்டார்கள். உடம்பு தேறிய பிறகும் அவன் ஸ்டாண்டு பக்கம் வரவில்லை. பார்க்கப் போனால் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். அவன் மகள் கலா வாசலில் வைத்து என்னிடம் சொன்னாள்: "யாரு வந்தாலும் இப்டித்தான் மாமா. கலாய்ச்சா திருப்பிக் குடுக்க முடியலன்னு வெக்கப்பட்டுகினு கெடக்குறாரு. டேப்லெட்டுல எழுதிக் காட்டுன்னா, ஒரு ஆப்பும் புடிக்கலன்றாரு."

அது எனக்குக் கவலையாகிவிட்டது. எனக்குச் சமமாக ஸ்டாண்டில் வேறு யார் இருக்கிறார்கள்? ஆளுக்கொரு ஆப்பைக் கேட்டு விசாரித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் படையெடுத்தோம்.

பஷீர் கொண்டுவந்த ஆப், எழுதினால் அதுவே பேசும். தேசிங்கு எழுதினான். "பஷீரு, உன் மூஞ்சியப் பாத்தா வண்டி ஸ்டார்ட் ஆவல" என்று அதிலிருந்து ஒரு பெண் குரல், ரயில் வருகையை அறிவிப்பதுபோல் பொறுமையாகச் சொன்னது. பஷீர் விழுந்து விழுந்து சிரித்தான். தேசிங்கு சிரிக்கவில்லை. இன்னொன்று, கையால் எழுதுவதை அச்செழுத்தாக மாற்றிக் கொடுத்தது. எவ்வளவு கோபமாகக் கிறுக்கினாலும் கல்யாணப் பத்திரிகை மாதிரியே வந்தது. மூன்றாவது, திறந்ததும் மெயில் கேட்டது, பாஸ்வேர்டு கேட்டது, பேனா என்ன கலர் என்றது. அதற்கெல்லாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் திட்ட வேண்டிய ஆள் மணலி போய்ச் சேர்ந்திருப்பான். தேசிங்கு அதில் ஒரே வரி எழுதிவிட்டு மூடினான்: "பதிலு சூடா போவணும்."

கடைசியில் கிடைத்தது அதே டேப்லெட்டில் ஏற்கெனவே இருந்தது. அவன் பேத்தி அ, ஆ எழுதிப் பழகும் சிலேட்டு விளையாட்டு. தொட்டதும் திறக்கும். விரலால் எழுதினால் சாக்பீஸ் மாதிரி பட்டையாக விழும். மூலையில் ஒரு வாத்து. அதைத் தொட்டால் 'குவாக்' என்று கத்திவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடும். தேசிங்கு மறுநாளே ஸ்டாண்டுக்கு வந்துவிட்டான்.

அங்கேதான் நாங்கள் சொதப்பினோம். பாவம், நோயாளி, யாரும் கலாய்க்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். "வாங்கண்ணே, குந்துங்கண்ணே" என்றேன் நான். பஷீர் சீட்டைத் துடைத்துவிட்டான். தேசிங்கு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். வாத்து கத்தியது. எழுதி என்னிடம் நீட்டினான். எனக்கு எழுத்துக்கூட்டி, அதுவும் சத்தமாகத்தான் படிக்க வரும். படித்தேன். "மாரி... உன்... மரியாதைல... பாடை... வாசன... வருது."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று எனக்கு வாயில் வந்துவிட்டது: "இன்னாடா, வாய் ரிப்பேருன்னு வாத்த வேலைக்கு வெச்சிகீறியா?"

அவன் தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பிறகு நிதானமாக எழுதி நீட்டினான். நானும் படித்தேன். "ஊமையே... தேவல... இந்த மூஞ்சிக்கு... வாய்... ஒரு கேடு." யார் மூஞ்சி என்று படித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து என்னைப் பற்றிய வசவெல்லாம் என் வாயாலேயே தேரடி முழுக்க ஒலிபரப்பானது. "சத்தமா பட்றா, பின்னால நிக்கறவனுக்குக் கேக்கல" என்று வேறு எழுதிக் காட்டுவான்.

அவனுடைய வண்டியை இனி அவன் மருமகன் ஓட்டப் போகிறான். டேப்லெட் பேத்தியிடம் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். அவன் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், குறுக்கே புகுந்து வெட்ட முடியாது. பிறந்ததிலிருந்து யாரையும் முழுசாகப் பேச விட்டவனில்லை நான். இப்போது வீட்டில் என் மனைவி தனம் பேசினால், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

"இன்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ சொல்லி முடி" என்றேன்.

முடித்தாள். அதற்குப் பிறகுதான் கலாய்த்தேன். முழுசாகக் கேட்டுவிட்டுக் கலாய்த்தால் இன்னும் நன்றாகவே விழுகிறது, தேசிங்கு.